ஹாலஜன் டூமுக்குள் எல்இடி பல்பு: வெளிச்சம் எங்கே போய் விழுகிறது?

எச்4 வகை ஹாலஜன் பல்பு ஒன்றைக் கையில் எடுத்துச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், கண்ணாடிக் குப்பிக்குள் இரண்டு டங்ஸ்டன் சுருள்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பது தெரியும். முன்னால் உள்ள சுருளுக்கு அடியில் மட்டும், குழந்தைக்கு மருந்து புகட்டும் சங்கை நகத்தளவுக்குச் சுருக்கியது போல ஓர் உலோகக் குழிவு இருக்கும். குப்பியின் நுனியில் கருப்பு வண்ணம் பூசப்பட்டிருக்கும். 1971-இல் அறிமுகமான இந்த வடிவம்தான் இந்தியச் சாலைகளில் ஓடும் கார்களிலும் பெரிய மோட்டார் சைக்கிள்களிலும் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. இதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஓர் எல்இடி பல்பைப் பொருத்துவது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தில் என்னென்ன மாறிவிடுகிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தச் சின்னச் சங்கு எதற்காக அங்கே இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே நல்லது.

பின்னால் உள்ள 60 வாட் சுருள், ஹெட்லைட்டின் கிண்ண வடிவப் பிரதிபலிப்பானின் குவியத்தில் அமர்ந்திருக்கிறது. ஆகவே அதன் ஒளி நேராக நெடுந்தூரம் பாய்கிறது. அதுவே ஹை பீம். முன்னால் உள்ள 55 வாட் சுருள், எதிரே வண்டி வரும்போது போடும் லோ பீமுக்கு உரியது. அது குவியத்துக்குச் சற்று முன்னே தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. அந்த இடத்திலிருந்து கிளம்பும் ஒளி பிரதிபலிப்பானின் மேல்பாதியில் பட்டால் கீழ்நோக்கிச் சாயும், கீழ்பாதியில் பட்டால் மேல்நோக்கி எழும்பி எதிரே வருபவரின் கண்ணில் போய் விழும். கீழ்பாதிக்குப் போகும் ஒளியை அந்தச் சங்கு மறித்துவிடுகிறது. அதன் விளிம்புதான், சாலையில் விழும் லோ பீமின் மேல்விளிம்பாக மாறுகிறது: மேலே இருள், கீழே வெளிச்சம், நடுவில் ஒரு தெளிவான கோடு. நம்மைப் போல இடப்பக்கம் செல்லும் நாடுகளில் அந்தக் கோடு வலப்பக்கம் கிடைமட்டமாகவும், இடப்பக்கம் சற்று மேலேறியும் இருக்கும். ஓரத்தில் நடப்பவரும் வழிகாட்டிப் பலகையும் தெரிய வேண்டும், எதிரே வரும் ஓட்டுநரின் கண் மட்டும் தப்ப வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

ஆக, பல்பு என்பது ஹெட்லைட்டுக்குள் வைக்கப்படும் தனிப்பொருள் அன்று. அந்த ஒளியியல் கருவியின் பாதி அதுதான். சுருள் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளமும் 1 மில்லிமீட்டரைச் சற்று மிஞ்சிய தடிமனும் கொண்டது. அது இன்ன இடத்தில், இன்ன அளவில், சுற்றிலும் ஒரே சீராக ஒளிரும் என்ற கணக்கை வைத்துத்தான் பிரதிபலிப்பானின் ஒவ்வொரு வளைவும் வார்க்கப்படுகிறது. குவியத்தூரம் 25 மில்லிமீட்டர் உள்ள ஒரு பிரதிபலிப்பானை எடுத்துக்கொள்வோம். ஒளி கிளம்பும் இடம் மேலோ கீழோ 1 மில்லிமீட்டர் விலகினால் கற்றை ஏறத்தாழ இரண்டேகால் டிகிரி திரும்பிவிடும். 25 மீட்டர் தூரத்தில் அது ஒரு மீட்டர் இடமாற்றம். லோ பீமின் கோடு வழக்கமாக 25 மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் மட்டுமே தாழ்த்தி வைக்கப்படுகிறது என்பதை இதனோடு சேர்த்துப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டர் எவ்வளவு பெரிய தூரம் என்பது விளங்கும்.

இப்போது எல்இடி பல்பைக் கையில் எடுப்போம். அடிப்பாகத்தில் அதே மூன்று காதுகள், அதே மூன்று பின்கள். சுருள் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய செம்பு அல்லது அலுமினியத் தகடு. அதன் இரு பக்கங்களிலும் மஞ்சள் நிறத்தில் குட்டிக் குட்டிச் சதுரங்கள். அந்த மஞ்சள் பூச்சு பாஸ்பர். உண்மையில் சில்லு உமிழ்வது நீல ஒளி. அதில் ஒரு பகுதியைப் பாஸ்பர் மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. (இந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்குத்தான் அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.) தகட்டுக்குப் பின்னால் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் துடுப்புகளும், பெரும்பாலும் ஒரு குட்டி விசிறியும் இருக்கும்.

சுருள் சுற்றிலும் ஒளிரும்; தகடு இரண்டு பக்கமும் மட்டும் ஒளிரும். தகட்டின் தடிமன் எவ்வளவோ, அவ்வளவுக்கு இரண்டு பக்கத்துச் சில்லுகளும் நடு அச்சிலிருந்து விலகி நிற்கின்றன. மேலும் கீழும் ஒளி குன்றிய பட்டைகள் விழுகின்றன. நல்ல தயாரிப்பாளர்கள் தகட்டை எவ்வளவு மெல்லியதாக்க முடியுமோ அவ்வளவு மெல்லியதாக்கி, சில்லுகளின் நீளத்தையும் இடத்தையும் பழைய சுருளுக்கு நெருக்கமாகக் கொண்டுவருகிறார்கள், லோ பீம் சில்லுகளுக்கு அடியில் அந்தச் சங்கையும் நகலெடுத்து வைக்கிறார்கள். இந்தச் சிரத்தைக்கு ஓரளவு பலன் உண்டு. ஆனாலும் நகல் நகல்தான். ஒரு டூமில் (பிரதிபலிப்பானும் முன்கண்ணாடியும் சேர்ந்த ஹெட்லைட் கூடு) ஏறக்குறைய ஒழுங்கான கோட்டைத் தரும் அதே பல்பு, வேறொரு காரின் டூமில் போய்க் கோட்டுக்கு மேலே திட்டுத் திட்டாகக் கண்கூசும் வெளிச்சத்தை இறைப்பது இதனால்தான். பொருத்தும்போது தகட்டைக் கடிகாரத்தின் 3 மணி, 9 மணித் திசைகளைப் பார்த்தபடி திருப்பி வைக்க வேண்டும் என்பது கூடப் பல கடைகளில் கவனிக்கப்படுவதில்லை.

கடையில் கவனிக்கப்படுவது பெட்டியின் மேல் அச்சிட்ட லூமென் எண் மட்டுமே. தரநிலைப்படி ஓர் எச்4 ஹாலஜன் பல்பு, 13.2 வோல்ட்டில், ஹை பீமில் 1,650 லூமெனும் லோ பீமில் 1,000 லூமெனும் தர வேண்டும். பத்திரிகைத் தாளைப் போன்ற உறையில் வரும் மலிவான எல்இடி பல்போ 20,000 லூமென் என்று கூசாமல் சொல்லும், பக்கத்திலேயே 30 வாட் என்றும் எழுதியிருக்கும். இந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பார்த்தால் வாட்டுக்கு 667 லூமென் வருகிறது. மனிதக் கண் மிக நன்றாக உணரும் பச்சை நிறத்தில், கொடுத்த மின்சாரம் துளியும் வீணாகாமல் முழுவதும் ஒளியாக மாறினால்கூட வாட்டுக்கு 683 லூமென்தான் உச்சவரம்பு. வெள்ளை ஒளி அதை நெருங்கவே முடியாது. அந்தப் பெட்டியை நம்புவதற்கு இயற்பியலைக் கைவிட வேண்டியிருக்கும். இத்தகைய பல்புகள் நடைமுறையில் வாட்டுக்கு 100 லூமென் அளவில் தந்தாலே நல்ல பல்பு என்று சொல்லலாம்.

ஆனால் லூமென் எண் உண்மையாகவே இருந்தாலும் அது தவறான அளவுகோல்தான். லூமென் என்பது பல்பிலிருந்து எல்லாத் திசைகளிலும் கிளம்பும் மொத்த ஒளி. ஓட்டுபவருக்கு வேண்டியதோ, 60, 70 மீட்டர் தள்ளி ஓரமாக நிற்கும் மாட்டின் மேல் எவ்வளவு ஒளி படுகிறது என்பது. குவியம் தவறிய ஒளியில் பெரும்பங்கு வண்டிக்கு நேர் முன்னே பத்துப் பதினைந்து மீட்டருக்குள் கொட்டிவிடுகிறது. அது பார்வைக்குப் பிரமாதமாக இருக்கும்; பானெட்டுக்கு முன்னால் பகல் போல வெளிச்சம் பரவியிருப்பதைக் கண்டதும் கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்துவிட்டது என்ற திருப்தி வரும். ஆனால் அருகே விழும் மிகையான வெளிச்சத்துக்குக் கண்ணின் பாவை சுருங்கிவிடுவதால், தொலைவில் உள்ள மங்கலான பொருள் முன்பிருந்ததை விடக் குறைவாகத்தான் தெரியும். அதிகம் தெரிகிறது என்ற உணர்வும் அதிகம் பார்க்கிறோம் என்ற உண்மையும் வேறு வேறு என்பதை ஒப்புக்கொள்ள மனம் எளிதில் இடங்கொடுப்பதில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாலஜனின் நிற வெப்பநிலை சுமார் 3,200 கெல்வின்; சந்தையில் விற்கும் எல்இடிகளில் பெரும்பாலானவை 6,000 முதல் 6,500 கெல்வின் வரை, அதாவது நீலம் கலந்த வெள்ளை. மஞ்சள் ஒளி மூடுபனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று லாரி ஓட்டுநர்கள் முதல் எல்லோரும் சொல்வதுண்டு. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் அவை எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கின்றன. அந்த நம்பிக்கைக்கு அவ்வளவு ஆதாரமில்லை. ஆனால் நீலப் பங்கு கூடிய ஒளி, அதே அளவு மஞ்சள் ஒளியைவிடக் கண்ணை அதிகமாக உறுத்துகிறது என்பது மெய்; அந்த உறுத்தல் எதிரே வருபவருக்கு மட்டுமின்றி, பனியிலிருந்தும் மழைத்தாரையிலிருந்தும் திரும்பி வரும் ஒளியைப் பார்க்கும் ஓட்டுபவருக்கும் உண்டு. ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதையில் ஓட்டுபவர்கள் மஞ்சளை விரும்புவதற்கு அனுபவ அடிப்படை இருக்கிறது, சொல்லும் காரணம்தான் பிழை.

எதிரே வருபவர் என்று சொன்னோம். நான்குவழிச் சாலைகளின் நடுத்திட்டில் அரளிச் செடியை வரிசையாக நட்டு வளர்ப்பது அழகுக்காக மட்டுமன்று. எதிர்த்திசை ஹெட்லைட்டை மறிக்கும் திரையும் அதுவே. அந்தத் திரை இல்லாத இருவழி மாநில நெடுஞ்சாலையில், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறார். கண்கூசி மீண்டு பார்வை தெளிய மூன்றே நொடி ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், 50 மீட்டர் தூரத்தை அவர் ஏறக்குறையக் குருடராகவே கடக்கிறார். வயதானவர்களுக்கும் கண்புரை தொடங்கியவர்களுக்கும் விழிக்குள்ளேயே ஒளி சிதறுவதால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். முன்பு தமிழ்நாட்டில் ஹெட்லைட்டின் நடுவே கருப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும் என்று வாகனங்களை நிறுத்தி ஒட்டிவிட்டதும் இதே கண்கூச்சத்தைத் தணிக்கத்தான். ஒளியை எந்தத் திசையில் அனுப்ப வேண்டும் என்பதை வடிவமைப்பிலேயே தீர்மானித்துவிட்ட ஒரு விளக்கில், கண்ணாடியின் நடுவே ஒட்டும் பொட்டு பெரிதாக எதையும் சாதிக்காது; நோக்கம் நல்லது, கருவிதான் பொருந்தாதது.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆவது விதி இதையே அளவுகோலாக வைக்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூசாத அளவுக்கு, ஒளிக்கற்றை கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த விதியில் வாட்டும் இல்லை, லூமெனும் இல்லை. ஒளி எங்கே போகிறது என்பது மட்டும்தான் இருக்கிறது. எழுதியவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். இது தவிர, மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாக வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அந்தப் பிரிவின் கண்டிப்பை உறுதிப்படுத்தியது.

மேலை நாடுகளில் நிலைமை தளர்வானது என்று ஒரு நினைப்பு நம்மிடையே இருக்கிறது, உண்மை நேர்மாறானது. அமெரிக்காவில் ஹாலஜன் ஹெட்லைட்டில் எல்இடி மாற்றுப் பல்பைப் பொருத்துவதை ஒன்றிய அரசின் 108-ஆவது பாதுகாப்புத் தரநிலை அனுமதிக்கவில்லை. ஜெர்மனியில் 2020-இல்தான் முதன்முறையாக ஓஸ்ராம் நிறுவனத்தின் எச்7 (எச்4 போல இன்னொரு ஹெட்லைட் பல்பு வகை) எல்இடி பல்பு ஒன்றுக்குச் சாலை அனுமதி கிடைத்தது. அந்த அனுமதியின் வடிவம்தான் நாம் கவனிக்க வேண்டியது. எச்7 ஹோல்டர் உள்ள எந்தக் காரிலும் போட்டுக்கொள்ளலாம் என்று அவர்கள் சொல்லவில்லை. இன்ன கார், இன்ன ஆண்டுத் தயாரிப்பு, அதிலும் டூமின் மேல் பொறித்த ஒப்புதல் எண் இன்னது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பட்டியலிட்டு, அந்தப் பட்டியலுக்குள் மட்டும் அனுமதித்தார்கள். ஒரே பல்பு ஒவ்வொரு டூமிலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் வேண்டியதில்லை.

எல்இடியே ஹெட்லைட்டுக்கு ஒவ்வாதது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. 2007-இல் லெக்சஸ் எல்எஸ் 600எச் காரின் லோ பீமில் தொடங்கி, இன்று நம் ஊர் ஸ்கூட்டர்கள் வரை ஆலையிலேயே எல்இடி ஹெட்லைட்டுடன் வருகின்றன. அவற்றில் சில்லின் வடிவத்துக்கு ஏற்பப் பிரதிபலிப்பானும் வில்லையும் வரையப்பட்டுள்ளன, வெப்பம் வெளியேறப் பெரிய உலோகப் பாளம் தரப்பட்டுள்ளது. குழப்பம் விளைவது, ஒன்றுக்காக வரைந்த கிண்ணத்தில் மற்றொன்றை வைக்கும்போதுதான். முன்னால் உருண்டைக் கண்ணாடி வில்லை வைத்த புரொஜெக்டர் ஹெட்லைட்டில் சேதம் கொஞ்சம் குறைவு. அங்கே மேல்விளிம்புக் கோட்டை உண்டாக்குவது பல்பு அன்று, டூமுக்குள் நிலையாக உள்ள ஒரு மறைப்புத் தகடு. ஆகவே எந்தப் பல்பைப் போட்டாலும் கோடு பெருமளவு காப்பாற்றப்படும். ஆனால் நடுவில் இருக்க வேண்டிய செறிந்த ஒளிப்பொட்டு கலைந்து, தூரம் குறைவது அங்கும் நிகழும்.

வெப்பத்தைப் பற்றிக் கடைக்காரர் பெரும்பாலும் பேசமாட்டார். ஹாலஜன் பல்பு 55 வாட்டில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒளியாக மாற்றுவதில்லை; மீதியில் பெரும்பகுதி அகச்சிவப்புக் கதிராக முன்பக்கமே வெளியேறிவிடுகிறது. டங்ஸ்டனுக்குச் சூடு பிரச்சினையே இல்லை, சூடாக இருப்பதுதான் அதன் தொழில். எல்இடியின் திறன் பல மடங்கு மேல், ஆனால் அதில் வீணாகும் வெப்பம் கதிராக வெளியேறாமல் நகத்தளவு சில்லிலேயே தங்கி, பின்பக்கமாகக் கடத்தப்பட்டுத்தான் போயாக வேண்டும். அந்தப் பின்பக்கத்தை ரப்பர் மூடி அடைத்திருக்கிறது. அதற்கும் பின்னால் இன்ஜின் கொதித்துக்கொண்டிருக்கிறது. வேலூரின் மே மாதத்தில் அந்த மூடிய அறைக்குள் சுழலும் குட்டி விசிறி, சூடான காற்றையே சுற்றிச் சுற்றி அனுப்பிக்கொண்டிருக்கும். சில்லு தாங்காத நிலை வரும்போது, உள்ளே இருக்கும் மின்சுற்று மின்னோட்டத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அதாவது வெளிச்சம் இறங்கும். போட்டவுடன் கடை வாசலில் பார்த்த வெளிச்சமும், அரைமணி நேரம் ஓட்டிய பிறகு சாலையில் விழும் வெளிச்சமும் ஒன்றல்ல. காற்று போகட்டும் என்று ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டாலோ, அதில் ஓட்டை போட்டாலோ, தூசியும் ஈரமும் உள்ளே புகுந்து பிரதிபலிப்பானின் அலுமினியப் பூச்சு மங்கும். மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்புறம் படியும் நீராவியை ஹாலஜனின் சூடு உலர்த்திவிடும், எல்இடியால் அது ஆகாது.

ஹெட்லைட்டை விட்டு மற்ற விளக்குகளுக்கு வந்தால் கதை வேறு. கேபின் விளக்கு, டிக்கி விளக்கு, எண் தகட்டு விளக்கு ஆகியவற்றில் உள்ள 5 வாட் டி10 பல்பு 50 லூமென் அளவுதான் தரும். அதை எல்இடியாக மாற்றினால் யாருக்கும் கண்கூசாது, கதவைத் திறந்து மறந்துவிட்டால் பேட்டரி அவ்வளவு விரைவில் இறங்காது. பொருத்தியதும் எரியவில்லை என்றால் பதற வேண்டாம். எல்இடிக்கு நேர்மின், எதிர்மின் பேதம் உண்டு, கழற்றித் திருப்பிச் செருகினால் எரியும். மலிவான பல்பாக இருந்தால், அதன் மின்சுற்று கிளப்பும் இரைச்சலால் எஃப்எம் ரேடியோ கரகரக்கலாம்.

பிரேக் விளக்கில் எல்இடிக்கு உண்மையான ஒரு சிறப்பு இருக்கிறது. சுருள் பல்பு முழு வெளிச்சம் பெற ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். எல்இடிக்கு அந்தத் தாமதம் இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வருபவருக்கு அது ஐந்தரை மீட்டர் லாபம். ஆனால் இங்கும் இரண்டு பொறிகள் உள்ளன. சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடியை வைக்கக் கூடாது: வெள்ளை எல்இடியில் நீலமும் மஞ்சளும் மிகுதி, சிவப்பு குறைவு, சிவப்புக் கண்ணாடி மற்றதை எல்லாம் வடிகட்டிவிட, மிச்சமிருப்பது வெளிறிய மங்கல் வெளிச்சம்தான். சிவப்புக் கண்ணாடிக்குச் சிவப்பு எல்இடி, இண்டிகேட்டருக்கு ஆம்பர் எல்இடி என்பதே முறை. இன்னொன்று, டெயில் லைட்டும் பிரேக் லைட்டும் ஒரே பல்பில் உள்ள வண்டிகளில், 5 வாட் சுருளுக்கும் 21 வாட் சுருளுக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு பத்து மடங்குக்கும் மேல். பல எல்இடி மாற்றுப் பல்புகளில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. இரவில் வண்டி பிரேக் பிடித்ததா, வெறுமனே போய்க்கொண்டிருக்கிறதா என்று பின்னால் வருபவருக்குத் தெரியாவிட்டால், 0.2 நொடி லாபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இண்டிகேட்டரை மாற்றியதும் அது படபடவென்று இரட்டை வேகத்தில் மின்னத் தொடங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பல்பு கெட்டுவிட்டால் ஓட்டுநருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதற்காக, ஃபிளாஷர் ரிலே தன் வழியே பாயும் மின்னோட்டத்தை அளந்துகொண்டே இருக்கும். 21 வாட் இருந்த இடத்தில் இரண்டு மூன்று வாட் மட்டும் இழுக்கும் எல்இடி வந்ததும், ஒரு பல்பு செத்துவிட்டது என்று அது முடிவுகட்டி வேகத்தைக் கூட்டுகிறது. சூட்டில் வளையும் தகடு கொண்ட மிகப் பழைய ரிலேவாக இருந்தால், போதிய மின்னோட்டம் இல்லாமல் மின்னாமலே எரிந்தபடி நிற்கும். எல்இடிக்கு உரிய ரிலேவை மாற்றுவது ஒழுங்கான வழி. இன்னொரு வழியாக, பல்புக்கு இணையாக 6 ஓம் மின்தடை ஒன்றைப் பொருத்துவார்கள். அது எரியும் நேரத்தில் 25, 30 வாட்டை வெறும் சூடாக மாற்றும், பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டினால் உருக்கிவிடும். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பல்பைப் போட்டுவிட்டு, மிச்சமான மின்சாரத்தைச் செலவழிக்கத் தனியாக ஒரு பொருளை வாங்கிப் பொருத்துவது என்பது நம் காலத்துக்கே உரிய விநோதம். கணினி வழியே பல்புகளைக் கண்காணிக்கும் கார்களுக்கு 'கேன்பஸ்' என்று பெயரிட்டு விற்கப்படும் பல்புகள் பலவற்றிலும் இதே மின்தடை உள்ளேயே ஒளிந்திருக்கிறது.

மோட்டார் சைக்கிளுக்கு வேறொரு சிக்கல். பழைய பைக், ஸ்கூட்டர் பலவற்றில் ஹெட்லைட் பேட்டரியிலிருந்து அல்லாமல், இன்ஜின் சுழலும்போது மின்சாரம் தரும் மேக்னெட்டோ காயிலிலிருந்து நேரடியாக மாறுமின்னோட்டத்தில் எரிகிறது. ஆக்சிலரேட்டரை விட்டால் வெளிச்சம் இறங்குவது அதனால்தான். சுருள் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. எல்இடியோ ஒவ்வோர் அலைக்கும் அணைந்து எரிந்து, ஐட்லிங்கில் துடிக்கும், சீக்கிரம் கெடும். 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிந்தபடியே இருக்க வேண்டும் என்ற விதி வந்த பின், 35 வாட் சுமையைக் குறைக்க எல்இடி போடலாமே என்ற யோசனை பரவியது. மைலேஜ் கூடும் என்பது அதில் சேர்ந்துகொண்ட மிகைப்பேச்சு. இன்ஜின் தரும் சக்தியோடு ஒப்பிட்டால் இருபது வாட் என்பது கணக்கிலேயே வராது.

இவ்வளவையும் படித்த பிறகும், 'என் வண்டியின் ஹெட்லைட் உண்மையிலேயே மங்கல்தானே, என்ன செய்ய?' என்ற கேள்வி நிற்கும். அது நியாயமான கேள்வி. மங்கலுக்குப் பல்பு காரணமாக இல்லாதிருப்பதே அதிகம். சுருள் பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4-ஆவது அடுக்கில் கூடிக்குறையும். அதாவது ஹோல்டரில் 13.2 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 12 வோல்ட் மட்டும் வந்தால், அழுத்தம் குறைவது ஒன்பது சதவீதம், வெளிச்சம் குறைவதோ 28 சதவீதம். இன்ஜினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் பிறகு ஹோல்டரின் பின்பக்கத்திலும் அளந்து பார்த்தால் இது தெரிந்துவிடும். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால், ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வரும் மெல்லிய ஒயர்தான் வெளிச்சத்தைத் தின்கிறது. பேட்டரியிலிருந்து நேரே தடித்த ஒயர் இழுத்து ஃபியூசோடு ரிலே வைத்தால், அதே 60/55 பல்பு புதிதாக மாற்றியது போல எரியும். இந்த ரிலே கிட்டை வைத்து 100/90 வாட் பல்பைப் போடும் பழைய வழக்கம் மட்டும் வேண்டாம். ஹோல்டர் உருகும், பிரதிபலிப்பான் கருகும், சட்டமும் அனுமதிக்காது.

அடுத்தது கண்ணாடி. இப்போதைய டூம்களில் உள்ளது கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட். மேல்பூச்சு வெயிலில் தேய்ந்ததும் அது மஞ்சளித்து, ஒளியைச் சிதறடிக்கும் பால்கண்ணாடி போல ஆகிவிடுகிறது. பற்பசை போட்டுத் தேய்த்தால் பளபளப்பு சில வாரம் நிற்கும். நீர் தெளித்து மெல்லிய உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு ஒன்றை மேலே அடித்தால்தான் நிலைக்கும். மங்கிய கண்ணாடிக்குப் பின்னால் எல்இடியை வைப்பது, சிதறலையும் சேர்த்துப் பெருக்குவதாகத்தான் முடியும்.

கடைசியாகச் செய்ய வேண்டியது சுவர்ச் சோதனை. சமதளமான இடத்தில், டயர் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வைத்து, காம்பவுண்டுச் சுவருக்கு 10 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்த வேண்டும். டேஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண்ணிட்ட ஒரு சின்னச் சக்கரம் இருந்தால் அதை 0-வில் வைக்க வேண்டும். (பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கி நிறையச் சாமானும் ஏறும்போது முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், அப்போது லைட்டைத் தாழ்த்துவதற்காக வைத்தது அந்தச் சக்கரம். பல கார்களில் வாங்கிய நாள் முதல் யாரும் அதைத் தொட்டிருக்கமாட்டார்கள்.) தரையிலிருந்து ஹெட்லைட்டின் மையம் எவ்வளவு உயரமோ, அதே உயரத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. லோ பீமைப் போட்டால், வெளிச்சத்தின் கிடைமட்ட மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் படிய வேண்டும், இடப்பக்கம் மட்டும் மேலேற வேண்டும். படியவில்லை என்றால், டூமின் பின்னால் உள்ள திருகைத் திருப்பிப் படிய வைக்கலாம்.

எல்இடி பல்பு போட்ட வண்டியையும் இதே சுவருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்திப் பாருங்கள். கீழ்க்கோட்டின் மேலே இருள் சுத்தமாக இருந்தால் அந்தப் பல்புக்கும் அந்த டூமுக்கும் ஓரளவு ஒத்துப்போயிருக்கிறது என்று கொள்ளலாம். சட்டத்தின் கேள்வி அப்போதும் தனியே நிற்கும். மேலே திட்டுத் திட்டாக வெளிச்சம் தெறித்திருந்தால் திருகு உதவாது. தெறிப்பு மறையும் வரை டூமைத் தாழ்த்திக்கொண்டே போனால், வெளிச்சம் முழுவதும் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து குவியும். 70 மீட்டருக்கு அப்பால் நிற்கும் மாடு இருட்டிலேயே நிற்கும்.